ஊரார் கொடையில் ஒரு கல்வி உதவி நிதி: தொடங்குவதும் நடத்துவதும்

வட்டார அளவில் ஒரு கல்வி உதவி நிதியைத் தொடங்க நினைப்பவர்கள் கூடிப் பேசும்போது முதலில் எழும் கேள்வி, எவ்வளவு பணம் திரட்ட முடியும் என்பதாகவே இருக்கிறது. அதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி வேறு: நம் பகுதியில் படிக்கும் பிள்ளைகள் படிப்பை எந்த இடத்தில், எந்த மாதத்தில், எதனால் விடுகிறார்கள்? அரசும் பெரிய அறநிறுவனங்களும் லட்சக்கணக்கானோருக்கு ஒரே விதியை வகுத்து உதவுபவை என்பதால், அந்த விதிக்குச் சற்று வெளியே நிற்கும் ஒரு மாணவரை அவற்றால் பார்க்க முடிவதில்லை. பக்கத்தில் இருப்பவர்களால் பார்க்க முடியும். உள்ளூர்க் கொடையின் பலம் தொகையில் இல்லை, இந்த அண்மையில்தான் இருக்கிறது. அண்மையைப் பயன்படுத்தாத உள்ளூர் நிதி, பெரிய நிதியொன்றின் சிறிய, பலவீனமான நகலாக முடிந்துவிடும்.

முதலில் விசாரணை

ஆகவே பணம் திரட்டுவதற்கு முன் சில வாரங்களை விசாரிப்பதற்கென்றே ஒதுக்குங்கள். தலைமையாசிரியர்களிடம் மட்டும் கேட்டால் போதாது. வகுப்பாசிரியர், அலுவலக எழுத்தர், கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் பள்ளியிறுதித் தேர்வு எழுதியவர்கள், குறிப்பாக இடம் கிடைத்தும் கல்லூரிக்குப் போகாதவர்கள் ஆகியோரிடம் கேட்க வேண்டும். கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கும். விண்ணப்பிக்கவே இல்லாதவர்கள் ஒரு வகை. கட்டணம் கட்ட முடியாமல் நின்றவர்கள் ஒரு வகை. கட்டணம் தள்ளுபடியாகியும் மற்றச் செலவுகளால் நின்றவர்கள் ஒரு வகை. சேர்ந்து முதல் ஆண்டிலேயே திரும்பி வந்தவர்கள் ஒரு வகை. இவர்களுக்குத் தேவைப்படும் உதவி ஒன்றல்ல என்பதால், எந்த வகையினர் உங்கள் பகுதியில் அதிகம் என்று தெரியாமல் திட்டம் தீட்டுவது இருட்டில் துழாவுவதுதான்.

மூன்றாவது வகையினரைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம், ஏனெனில் உள்ளூர்க் கொடை மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தருவது இங்கேதான். சேர்க்கைக் கடிதம் கையில் இருக்கிறது. கல்விக் கட்டணத்துக்கு உதவித்தொகையும் உறுதியாகிவிட்டது. ஆனால் அந்தத் தொகை கல்லூரி திறந்து சில மாதங்கள் கழித்தே வந்து சேரும். அதற்குள் விடுதி முன்பணத்தைக் குறிப்பிட்ட நாளுக்குள் கட்டியாக வேண்டும், படிப்பு முடியும்போது திருப்பித் தரப்படும் என்று சொல்லப்படும் காப்புத்தொகையை இப்போதே செலுத்த வேண்டும், மருத்துவச் சான்று, ஆய்வகக் கருவிகள், மடிக்கணினி, முதல் மாத உணவுச் செலவு, பயணச் செலவு என்று ஒவ்வொன்றாக வந்து நிற்கும். தனித்தனியே பார்த்தால் எதுவும் பெரிய தொகை அல்ல. எல்லாம் ஒரே பதினைந்து நாளுக்குள் வருவதுதான் சிக்கல். வட்டிக்கு வாங்க முடிந்த குடும்பம் வாங்குகிறது, முடியாத குடும்பம் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்கிறது, அந்த அடுத்த ஆண்டு பெரும்பாலும் வருவதில்லை. இந்தப் பதினைந்து நாளைக் கடக்க உதவும் நிதி, பெயரளவில் சிறியதாக இருந்தாலும், ஒரு முழுப் படிப்பையே காப்பாற்றுகிறது.

விசாரிக்காமல் ஊகித்துக் கொடுப்பதால் என்ன ஆகும் என்பதற்கு மேற்குக் கென்யாவில் நடந்த ஆய்வுகள் நல்ல சான்று. பாடநூல் இல்லாத பள்ளிகளுக்குப் பாடநூல் கொடுத்தால் தேர்ச்சி உயரும் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. கொடுத்துப் பார்த்தபோது, ஏற்கெனவே முன்னணியில் இருந்த மாணவர்கள் மட்டுமே பயனடைந்தார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்த ஆங்கிலப் பாடநூல்களைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு ஆங்கிலம் தெரியவில்லை. அதே நாட்டின் பூசியா மாவட்டத்தில் 1998-இல் தொடங்கி, பள்ளிக் குழந்தைகளுக்குக் குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கப்பட்டது. மாத்திரை கொடுக்கப்பட்ட பள்ளிகளில் வராமல் இருப்போர் விகிதம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது என்று 2004-இல் வெளியான ஆய்வு கூறியது. இந்த ஆய்வுகளை நடத்தியவர்களுள் ஒருவரான மைக்கேல் கிரெமர் 2019-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கல்விக்கென்று கொடுக்கும் பணம் புத்தகமாகத்தான் போக வேண்டும், கட்டணமாகத்தான் போக வேண்டும் என்று கொடையாளர்கள் பிடிவாதம் பிடிக்கும்போது இந்த இரண்டு முடிவுகளையும் அவர்கள் முன் வைப்பது பயனுள்ளது.

யாருடைய பணம், எந்த அமைப்பு

ஒரே செல்வந்தரின் பெரிய நன்கொடையோடு தொடங்குவது எளிது. ஆனால் அவருடைய மனமோ தொழிலோ மாறினால் நிதியும் அன்றே நின்றுவிடும். பலர் சிறிது சிறிதாகத் தரும் நிதி திரட்டுவதற்குக் கடினம், நிலைப்பதற்கு எளிது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபால் ரிவர் என்னும் ஆலை நகரில் கண் பரிசோதகராக இருந்த இர்விங் ஃப்ராட்கின், நகரில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு டாலர் கொடுத்தால் நம் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பலாம் என்று சொல்லிப் பள்ளிக் குழுத் தேர்தலில் நின்று தோற்றார். தோற்ற பின்னும் விடாமல் 1958-இல் அந்த யோசனையை நிதியாகவே தொடங்கினார். அது ஊர் ஊராகக் கிளை விட்டு, பின்னாளில் ஸ்காலர்ஷிப் அமெரிக்கா என்ற தேசிய அமைப்பாக வளர்ந்தது. ஒரு டாலர் கொடுத்தவருக்கும் அந்த நிதி தன்னுடையது என்ற உரிமை இருந்தது, அடுத்த ஆண்டும் கேட்கலாம் என்ற உறவும் இருந்தது.

ஊராரின் பங்கை நிபந்தனையாகவே வைத்த பெருங்கொடைக்குச் சான்றாக அமெரிக்க வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்டின் பணியைச் சொல்ல வேண்டும். கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனின் யோசனையின்படி தொடங்கிய இந்தத் திட்டத்தில், 1932 வரையில் அமெரிக்கத் தென்மாநிலங்கள் பதினைந்தில் ஏறத்தாழ 5,000 பள்ளிகள் கட்டப்பட்டன. ரோசன்வால்ட் நிதி முழுச் செலவையும் ஏற்கவில்லை. அரசு ஒரு பங்கும், ஊர் மக்கள் பணமாகவோ நிலமாகவோ மரமாகவோ உழைப்பாகவோ ஒரு பங்கும் தர வேண்டும் என்பது ஏற்பாடு. வறுமையில் இருந்த கறுப்பின மக்கள் தந்த மொத்தப் பங்கு, ரோசன்வால்ட் நிதி தந்ததைக் காட்டிலும் சற்று அதிகம். இதன் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும்: வரியும் கட்டிவிட்டு, தங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கு மட்டும் மீண்டும் தனியே பணம் கட்டவேண்டியிருந்தது அந்த மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி. இணைப்பங்கு கேட்கும்போது, ஏற்கெனவே இல்லாதவரிடமே மீண்டும் கேட்கிறோமா என்று பார்த்துக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் 1956-இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும், பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு முன்நின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் ஊரார் கொடையை அரசின் பணத்தோடு இணைத்துக்கொண்டவையே.

அமைப்பைப் பொறுத்தவரை, தனி அறக்கட்டளையோ சங்கமோ பதிவு செய்வதற்கு முன் ஒன்றை யோசிக்கலாம். தணிக்கை, வரி அறிக்கை, வங்கிக் கணக்கு ஆகிய சுமைகளை ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கும் நம்பகமான பொது அறக்கட்டளை ஒன்றின்கீழ்த் தனிப் பெயரில் ஒரு நிதியைத் திறக்க முடியுமானால் முதல் சில ஆண்டுகளுக்கு அதுவே போதும். 1914-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் வங்கியாளர் ஃப்ரெடரிக் காஃப் தொடங்கிய கிளீவ்லாந்து அறக்கட்டளை, ஒரு நகரத்தின் பல கொடையாளர்களின் நிதிகளை ஒரே நிர்வாகத்தின்கீழ் வைத்துப் பேணும் இந்த முறைக்கு முன்னோடி. எந்த அமைப்பானாலும் இரண்டு விதிகள் எழுத்தில் இருக்கட்டும்: பணம் எடுக்க இருவர் கையொப்பம் தேவை; குழு உறுப்பினரின் உறவினர் விண்ணப்பித்தால் அந்த உறுப்பினர் அந்த ஆண்டுத் தேர்விலிருந்து முழுவதுமாக விலகி நிற்க வேண்டும். எல்லோரும் எல்லோரையும் அறிந்த இடத்தில் இரண்டாவது விதி சங்கடமானது. அங்குதான் அது மிகவும் தேவை.

நான்காம் ஆண்டின் கணக்கு

புதிய நிதிகள் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. முதல் ஆண்டு பத்து மாணவர்களுக்கு உதவுகிறோம், பணம் போதுமானதாக இருக்கிறது, எல்லோரும் மகிழ்கிறோம். படிப்பு நான்கு ஆண்டு. அடுத்த ஆண்டும் பத்துப் பேரைச் சேர்த்தால் இருபது பேர், அதற்கடுத்து முப்பது, நான்காம் ஆண்டில் நாற்பது. வசூல் நான்கு மடங்கு வளர்ந்திருக்காது. அப்போது புதியவர்களை மறுக்க வேண்டும், அல்லது நடுவில் இருப்பவர்களைக் கைவிட வேண்டும்; பின்னது, உதவாமலே இருந்திருப்பதைவிடக் கேடானது, ஏனெனில் நம்மை நம்பி வந்த மாணவர் கடனோடும் பாதிப் படிப்போடும் திரும்புகிறார். இதைத் தவிர்க்க எளிய விதி: ஓர் ஆண்டில் ஒன்றாகச் சேர்க்கப்படும் மாணவர் அணிக்கு முழுப் படிப்புக் காலத்துக்கும் தேவையான பணம் கையில் இல்லாமல் அந்த அணியைச் சேர்க்கக் கூடாது. பத்துப் பேருக்கு ஓராண்டுக்கான பணம் இருந்தால், உண்மையில் நம்மிடம் இரண்டரைப் பேருக்கான பணமே இருக்கிறது என்று பொருள். இரண்டு பேரோடு தொடங்க வேண்டியதுதான்.

வைப்புநிதியாகப் போட்டு அதன் வருவாயில் மட்டும் உதவலாமா என்ற விவாதம் எல்லாக் குழுக்களிலும் வரும். ஆண்டுக்கு 4 சதவீதம் செலவிடலாம் என்று வைத்துக்கொண்டால், ஒரு மாணவரின் ஓராண்டுச் செலவுக்கு அதைப்போல் 25 மடங்கு மூலதனம் வேண்டும். ஒரு மாணவரின் ஓராண்டுச் செலவை ஓர் அலகு என்போம். 1,000 அலகுப் பணத்தை முடக்கினால் எப்போதும் நாற்பது பேர் படித்துக்கொண்டிருப்பார்கள், அதாவது ஆண்டுக்குப் பத்துப் பேர் முடித்து வெளியேறுவார்கள். அதே 1,000 அலகை முடக்காமல் செலவிட்டால் 250 பேர் நான்காண்டுப் படிப்பை முடிக்கலாம். முடக்கிய நிதி அந்த எண்ணிக்கையைத் தொட இருபத்தைந்து ஆண்டுகளுக்கு வெளியேறும் அணிகள் வேண்டும். சிறிய நிதிகள் வரும் பணத்தில் பெரும்பகுதியைச் செலவிடுவதே முறை என்பது என் கருத்து. கொடுத்த வாக்கைக் காப்பதற்கான இருப்பை மட்டும் பாதுகாப்பான வைப்பில் வைத்தால் போதும். நினைவாகப் பெயர் நிலைக்க வேண்டும் என்று விரும்பும் கொடையாளருக்கு இது பிடிக்காது, அது வேறு விஷயம்.

தேர்வும் விண்ணப்பமும்

மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக் கொடுக்கும் பரிசு, உதவி இல்லாவிட்டாலும் கல்லூரிக்குப் போயிருக்கும் மாணவரிடமே பெரும்பாலும் சேர்கிறது. பாராட்டு விழாவுக்கு அது சரி; வாய்ப்பை விரிவாக்குவதற்கு உதவாது. படிப்பைத் தொடர்வதற்குத் தேவையான அளவு தேர்ச்சி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, அதற்கு மேல் தேவையையும், அந்த உதவி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் எடைபோடுவதே பொருத்தம்.

விண்ணப்பம் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். தன் குடும்பத்தின் வறுமையை உருக்கமாக எழுதச் சொல்லும் கட்டுரைப் பகுதியை அடியோடு நீக்கிவிடுங்கள். அது எழுத்துத் திறனை அளக்குமே தவிரத் தேவையை அளக்காது, அதோடு ஒரு பதினேழு வயதுப் பிள்ளையைத் தன் வீட்டுத் துயரத்தைக் காட்சிப்படுத்தச் சொல்வது அவமதிப்பும் ஆகும். அரசின் உதவித்தொகைக்குக் கொடுத்த அதே சான்றுகளின் நகலை ஏற்றுக்கொண்டால், மாணவர் மீண்டும் அலுவலகங்களுக்கு அலைய வேண்டியிருக்காது.

விண்ணப்பத்தை நிரப்ப உதவுவதும் ஒரு கொடையே என்பதைப் பலர் உணர்வதில்லை. அமெரிக்காவின் ஒஹாயோ, வட கரோலினா மாநிலங்களில் நடந்த ஒரு சோதனையில், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வந்த குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கு, அங்கேயே உட்காரவைத்து, கல்லூரி நிதியுதவிப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்களின் பள்ளியிறுதி மாணவர்களில், அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் கல்லூரியில் இரண்டு ஆண்டுகளைப் படித்து முடித்தவர்களின் விகிதம் 28 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாக உயர்ந்தது. எவ்வளவு உதவி கிடைக்கலாம் என்ற தகவலை மட்டும் பெற்று, நிரப்பும் உதவி பெறாத குழுவினரிடம் அத்தகைய மாற்றம் தெரியவில்லை. ஆகவே வழிகாட்டிக் கூட்டம் நடத்திச் சிற்றேடு கொடுத்து அனுப்புவதோடு நிறுத்தாமல், ஒரு மேசை, இணைய இணைப்புள்ள கணினி, வருடி, பொறுமையுள்ள இரண்டு தன்னார்வலர்கள் ஆகியவற்றோடு, விண்ணப்பக் காலத்தில் மாலை நேரங்களில் ஓர் இடத்தைத் திறந்து வையுங்கள். நிதியே திரட்ட முடியாத குழுவும் இதைச் செய்யலாம். சில இடங்களில் இதுமட்டுமே போதும்.

உதவி உண்டு என்பதை எவ்வளவு முன்கூட்டி, எவ்வளவு உறுதியாகச் சொல்கிறோம் என்பதும் தொகையைப் போலவே முக்கியம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழகம், தகுதியும் குறைந்த வருவாயும் உள்ள மாணவர்களுக்கு அவர்கள் பெரும்பாலும் எப்படியும் பெற்றிருக்கக்கூடிய கட்டண விலக்கையே, சேர்ந்தால் நான்கு ஆண்டுக்கும் நிச்சயம் என்று தனிக் கடிதத்தில் முன்னதாக எழுதி அனுப்பியது. கடிதம் பெறாதவர்களில் 26 சதவீதத்தினர் விண்ணப்பித்தார்கள். பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் விண்ணப்பித்தார்கள். அங்கே சேர்ந்தவர்கள் 12 சதவீதத்திலிருந்து 27 சதவீதமாக உயர்ந்தனர். பணம் கூடவில்லை, நிச்சயம்தான் கூடியது. அதே மாநிலத்தின் கலமசூ நகரில் 2005 நவம்பரில், பெயர் வெளியிடாத கொடையாளர்கள், நகரின் பொதுப் பள்ளிகளில் படித்து முடிப்போருக்கு மாநிலக் கல்லூரிக் கட்டணத்தை ஏற்பதாக அறிவித்தனர். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அங்கே படித்தவருக்கு 65 சதவீதம், மழலை வகுப்பிலிருந்தே படித்தவருக்கு 100 சதவீதம் என்று, ஒரு குழந்தையும் தன் பங்கைக் கணக்கிட்டுக்கொள்ளக்கூடிய எளிய விதி அது. உங்கள் நிதி சிறியதானாலும், யாருக்குக் கிடைக்கும் என்பதைப் பள்ளியிறுதி ஆண்டின் தொடக்கத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிட முடிந்தால், முடிவு அறிவிக்கும் நாள்வரை காத்திருந்து சோர்ந்து போகிறவர்கள் குறைவார்கள்.

பணம் கைக்குச் சேரும் வழி

தேர்வுக் குழுவின் நாட்காட்டியை விடுதி முன்பணம் கட்டவேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி அமைக்க வேண்டும், விழா நடத்த வசதியான நாளிலிருந்து அல்ல. விழா, மேடை, பெரிதாக்கிய காசோலையோடு ஒளிப்படம் ஆகியவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாங்கியவரின் படம் இணையத்தில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும், வேலைக்குப் போன பிறகும் கிடக்கும். கொடையாளர்களுக்கு நன்றி சொல்ல, பெயர் குறிப்பிடாத ஓர் ஆண்டறிக்கை போதுமானது.

கல்லூரிக்கு நேரடியாகச் செலுத்துவதா, மாணவரின் கணக்குக்கு அனுப்புவதா என்பதை முடிவு செய்யுமுன் கல்லூரியிடம் எழுத்தில் ஒரு கேள்வி கேட்டு விடை வாங்குங்கள்: வெளியிலிருந்து உதவி வந்தால் நீங்கள் தரும் சலுகையைக் குறைப்பீர்களா? சில நிறுவனங்கள் குறைக்கின்றன. அப்போது ஊரார் கொடுத்த பணம் மாணவருக்குப் போகாமல் கல்லூரியின் செலவைத்தான் மிச்சப்படுத்துகிறது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் தன் பொதுக் கல்லூரிகளில் இந்த வழக்கத்தைக் கட்டுப்படுத்த 2017-இல் சட்டமே இயற்றியது. குறைப்போம் என்று பதில் வந்தால், கட்டணத்துக்கென்று கொடுக்காமல் பயணம், கணினி, உணவு போன்ற செலவுகளுக்கு மாணவரிடமே கொடுப்பதுதான் வழி.

ஒதுக்கீட்டில் ஒரு சிறு பகுதி, பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம், பருவத்தின் நடுவில் எழும் அவசரங்களுக்கென்று தனியே இருக்கட்டும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2011 முதல், சிறு நிலுவைத் தொகைக்காகப் பெயர் நீக்கப்படும் நிலையில் இருந்த மாணவர்களை, குறிப்பாகப் பட்டத்தை நெருங்கியவர்களை, அவர்கள் கேட்காமலே கண்டறிந்து அந்த நிலுவையைத் தீர்த்துவைத்தது. உள்ளூர் நிதி இதை இன்னும் விரைவாகச் செய்யலாம். அவசர உதவிக்கு முழுக் குழுவின் கூட்டம் தேவையில்லை. இருவர் ஒப்புதலில் இரண்டு நாளுக்குள் முடிய வேண்டும். தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாளுக்கு மறுநாள் வரும் உதவியால் யாருக்கும் பயனில்லை.

சேர்ந்த பிறகு

முதல் ஆண்டில் திரும்பி வந்தவர்களிடம் பேசினால், பணத்தைக் காட்டிலும் தனிமை, பாடமொழி, ஒரு பாடத்தில் தோற்றதும் இனி முடியாது என்ற எண்ணம் ஆகியவையே பலமுறை காரணமாகச் சொல்லப்படும். அதே கல்லூரியிலோ அதே படிப்பிலோ இரண்டு ஆண்டு முன்னே இருக்கும் ஒரு மூத்த மாணவரை ஒவ்வொருவரோடும் இணைத்துவிடுவது இதற்குப் பெரிதும் உதவும். அந்த மூத்தவர் முதல் பருவத்தில் இரு வாரத்துக்கு ஒருமுறை பேசினால் போதும். அவருடைய தொலைபேசிச் செலவையும் ஒரு சிறு மதிப்பூதியத்தையும் நிதியே ஏற்கலாம். குழு உறுப்பினர்களே வழிகாட்டியாக இருப்பது நல்லதல்ல, ஏனெனில் பணம் கொடுப்பவரிடம் தோல்வியை எந்த மாணவரும் ஒளிக்காமல் சொல்வதில்லை. உதவியைத் தொடர்வதற்கான நிபந்தனையும் மதிப்பெண் எல்லையாக இல்லாமல், படிப்பில் நீடிக்கிறாரா என்பதாக இருக்கட்டும்; ஒரு பருவம் சறுக்கியவரிடமிருந்து அந்த நேரத்திலேயே உதவியையும் பறித்தால், விசாரித்துக் கண்ட காரணத்தை நாமே உருவாக்கியவர்கள் ஆவோம்.

ஆண்டு இறுதியில் எழுதும் அறிக்கையில் எத்தனை பேருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதற்கு முன்னால், தொடங்கியவர்களில் எத்தனை பேர் இன்னும் படிக்கிறார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், நின்றவர்கள் எதனால் நின்றார்கள் என்பவை வரட்டும். மறுக்கப்பட்ட விண்ணப்பதாரர்கள் ஓராண்டு கழித்து என்ன செய்கிறார்கள் என்றும் கேட்டு எழுதுங்கள். அவர்களில் பெரும்பாலோர் எப்படியோ சேர்ந்து படித்துக்கொண்டிருந்தால் தேர்வு முறை சரியாக இருக்கிறது. யாருமே சேரவில்லை என்றால் நிதி போதவில்லை, அல்லது தவறானவர்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

நிதியை மூடும் நிலை வந்தால் என்ன செய்வது என்பதைத் தொடங்கும்போதே ஆவணத்தில் எழுதிவிடுவது நல்லது. எல்லா நிதியும் என்றென்றும் இருக்க வேண்டியதில்லை. ரோசன்வால்ட் தன் நிதி தன் மறைவுக்குப் பின் குறிப்பிட்ட காலத்துக்குள் முழுவதும் செலவாகிவிட வேண்டும் என்று விதித்திருந்தார், அது 1948-இல் மூடப்பட்டது. மூடும் விதியில் மூன்று வாசகங்கள் போதும்: புதிய அணி எதுவும் சேர்க்கப்படாது, ஏற்கெனவே படிப்பவர்களுக்குப் படிப்பு முடியும்வரை பணம் கொடுக்கப்படும், மீதமிருப்பது இதே நோக்கமுள்ள, பெயர் குறிப்பிடப்பட்ட வேறொரு பொது அறக்கட்டளைக்குப் போகும்.